சீரின் சேர்த்தால் சால்மோனெல்லா ஏன் வளர மறுக்கிறது? ரிட்ஏ புரதம் பற்றி ஒரு சந்தேகம்

பொருநை:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் ரிட்ஏ என்ற பாக்டீரியப் புரதத்தைப் பற்றிப் பேச வேண்டும். கட்டுரைகளைப் படித்தாயிற்று, படங்களும் வரைந்தாயிற்று, ஆனால் அடிப்படையிலேயே சில இடங்கள் இடிக்கின்றன. புரியாமல் ஒப்பித்துவிட்டு வர மனம் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். சால்மோனெல்லா என்டெரிகாவில் ரிட்ஏ ஜீனை எடுத்துவிட்டு, குளுக்கோஸும் உப்புகளும் மட்டும் உள்ள மினிமல் மீடியத்தில் வளர்த்தால் அது பெரிய குறை இல்லாமல் வளர்கிறது. அதே மீடியத்தில் கொஞ்சம் சீரின் சேர்த்தால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இயல்பான சால்மோனெல்லாவுக்கு அதே சீரினால் ஒன்றும் ஆவதில்லை. அப்புறம், சீரினோடு ஐசோலூசினையும் சேர்த்துக் கொடுத்தால் ரிட்ஏ இல்லாத செல்லும் மறுபடி வளர்ந்துவிடுகிறது.

என் சந்தேகங்கள்: சீரின் எல்லாப் புரதத்திலும் இருக்கிற சாதாரண அமினோ அமிலம். செல்லே அதைத் தயாரிக்கிறது. அது எப்படி விஷமாகும்? ஐசோலூசினுக்கு இதில் என்ன வேலை? எல்லாவற்றுக்கும் மேலே, 2-அமினோஅக்ரிலேட் என்ற இடைப்பொருள்தான் கெடுதல் செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அது தண்ணீரில் ஒன்றிரண்டு நொடிகளில் தானாகவே சிதைந்துவிடும் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். தானாகப் போய்விடுகிற ஒன்றைப் போக்க ஒரு தனிப் புரதம் எதற்கு? வகுப்பில் ஒரு நண்பர் "இது பொதுவான ஸ்ட்ரெஸ் புரதம், அவ்வளவுதான்" என்கிறார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.


கண்ணாடிக்குடுவை:

பொருநை, நல்ல கேள்வி. உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. ரிட்ஏ செய்கிற வேதிவினை என்ன என்பது தெளிவாகத் தெரியும், அதைப் பொதுவான ஸ்ட்ரெஸ் என்ற பையில் போட்டுக் கட்டிவிட வேண்டியதில்லை.

முதலில் சீரின். அது விஷம் இல்லை. செல்லுக்குள் ஐஎல்வி-ஏ என்ற நொதி இருக்கிறது, த்ரியோனின் டீஹைட்ரடேஸ் என்றும் சொல்வார்கள். அதன் உண்மையான வேலை த்ரியோனினை எடுத்து அதிலிருந்து 2-கீட்டோபியூட்டிரேட்டைத் தருவது, அதுதான் ஐசோலூசின் தயாரிப்பின் முதல் படி. ஆனால் த்ரியோனினுக்கும் சீரினுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம். அதனால் சீரினும் அதே பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும், நொதியும் தன் வேலையைச் செய்துவிடும். இந்த நொதி வைட்டமின் பி6-இலிருந்து வரும் பிரிடாக்சல் பாஸ்பேட்டை, அதாவது பிஎல்பியை, துணைக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. சீரினிலிருந்து ஒரு நீர் மூலக்கூறைப் பிடுங்கி எறிந்ததும் நொதியிலிருந்து வெளியே வருவது பைருவேட் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாடப்புத்தகங்களில் சீரினுக்கு அடுத்து ஓர் அம்பு போட்டு நேராகப் பைருவேட்டும் அம்மோனியாவும் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் நொதி வெளியே விடுவது 2-அமினோஅக்ரிலேட் என்ற ஈனமைன், அதாவது இரட்டைப் பிணைப்பில் இருக்கிற கார்பனோடு அமினோ தொகுதி ஒட்டிய பொருள். அது உருமாறி, கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கிற இமைன் ஆகி, பிறகு அதில் தண்ணீர் சேர்ந்து, அம்மோனியா கழன்ற பிறகுதான் பைருவேட். கடைசிப் படிக்கு நொதி தேவையில்லை, தண்ணீரே போதும் என்று பல காலம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ரிட்ஏ செய்வது இந்தக் கடைசிப் படியைத்தான். ஈனமைனையும் இமைனையும் பிடித்து, அம்மோனியாவைச் சட்டென்று கழற்றிவிடுகிறது.

டயானா டவுன்ஸின் ஆய்வகம் (முதலில் விஸ்கான்சின், பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகம்) 2012-இல்தான் இதை வேதியியல் ரீதியாகக் காட்டியது. அதற்கு முன்னால் இந்தப் புரதத்துக்கு ஒய்ஜேஜிஎஃப் என்றுதான் பெயர், என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இனி அந்த 2-அமினோஅக்ரிலேட் யாரைத் தாக்குகிறது என்று பார்ப்போம். பிஎல்பி வைத்து வேலை செய்கிற மற்ற நொதிகளைத்தான். ஒரு பிஎல்பி நொதி சும்மா இருக்கும்போது, பிஎல்பி அந்த நொதியின் ஒரு லைசினோடு இமைன் பிணைப்பில் இருக்கும். அந்த இடத்தின் கார்பன், எலக்ட்ரான் கொடுக்கிற எதற்கும் இளகிப்போகிற இடம். ஈனமைனின் கார்பனோ எலக்ட்ரான் கொடுக்கத் துடிக்கிற இனம். அது நேராக வந்து பிஎல்பியின் கார்பனோடு பிணைந்துவிடும், லைசின் கழன்றுவிடும், கடைசியில் பிஎல்பியோடு ஒரு பைருவேட் துண்டு ஒட்டிய ஒரு பொருள் நொதியின் செயல்மையத்தில் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நொதி மூலக்கூறு அதோடு முடிந்தது.

இந்த வேதியியல் 2012-க்கு வெகு காலம் முன்பே தெரிந்ததுதான். 1982-இல் டேவிட் மெட்ஸ்லரின் குழு குளூட்டமேட் டீகார்பாக்சிலேஸில் இந்த வழியைக் காட்டியது. 1984-இல் கிறிஸ்டோபர் வால்ஷின் குழு சால்மோனெல்லாவின் அலனின் ரேசிமேஸிலேயே காட்டியது. ஆனால் அவர்கள் வெளியிலிருந்து பீட்டா இடத்தில் குளோரின் போன்றவை சேர்த்த அலனின் வகைகளைக் கொடுத்தார்கள், அவை நொதிக்குள் போய் அமினோஅக்ரிலேட் ஆகி நொதியையே கெடுத்தன. சோதனைக்குழாயில் நடக்கும் தந்திரம், மருந்து செய்யப் பயன்படலாம் என்பதுதான் அன்றைய பார்வை. அதே நாசம், எந்த மருந்தும் இல்லாமல், செல்லின் சொந்த வளர்சிதை மாற்றத்திலேயே ஓயாமல் நடக்கும், அதைத் தடுக்கவே ஒரு புரதம் இருக்கிறது என்பதுதான் ரிட்ஏ காட்டிய புதிய விஷயம். என்னைக் கேட்டால் உங்கள் பேச்சில் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

ஐசோலூசின் விஷயம் இனி எளிது. ஐஎல்வி-ஏ, ஐசோலூசின் பாதையின் முதல் நொதி, அந்தப் பாதையின் கடைசிப் பொருளான ஐசோலூசினே அதை அடக்கும். 1956-இல் எட்வின் அம்பார்கர் கண்டுபிடித்தது இது, பின்னூட்டத் தடை என்று நாம் முதலாம் ஆண்டில் படிக்கிற விஷயத்தின் முதல் உதாரணங்களில் ஒன்று. நீங்கள் மீடியத்தில் ஐசோலூசின் போட்டால் ஐஎல்வி-ஏ அடங்கிவிடும், சீரின் நிறைய இருந்தாலும் அதை அமினோஅக்ரிலேட்டாக மாற்ற ஆள் இல்லை. ஊற்றுக்கண்ணையே அடைத்தாயிற்று, பிறகு ரிட்ஏ இல்லாவிட்டாலும் செல் பிழைத்துக்கொள்ளும்.


பொருநை:

நன்றி அக்கா. ஈனமைன் வெளியே வருகிறது என்பதும், பிஎல்பி நொதிகள்தான் அதன் இலக்கு என்பதும் இப்போது நன்றாகப் பிடிபட்டது.

ஆனால் மூன்றாவது கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. தானாகச் சிதைய ஒன்றிரண்டு நொடிதானே? அதற்குள் என்ன பெரிதாகக் கெடுத்துவிடும்? இன்னொன்றும் கேட்கிறேன். ஐசோலூசின் கொடுத்ததும் வளர்கிறது என்பதை வேறு விதமாகவும் சொல்லலாமே. ஐசோலூசின் தயாரிக்கிற நொதி கெட்டுப்போனதால் செல்லுக்கு ஐசோலூசின் பஞ்சம், நாம் வெளியிலிருந்து ஊட்டியதும் பஞ்சம் தீர்ந்தது, அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பது?


மருதம்:

நொடிக் கணக்குக்கு நான் பதில் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

ஒன்றிரண்டு நொடி நமக்குக் கண்சிமிட்டும் நேரமாக இருக்கலாம். ஒரு பாக்டீரியா செல்லின் நீளமோ சுமார் 2 மைக்ரோமீட்டர், குறுக்கே 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அமினோஅக்ரிலேட் அளவுள்ள ஒரு சிறிய மூலக்கூறு, செல்லுக்குள் இருக்கிற நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொண்டால்கூட, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவிப்போகச் சில மில்லிநொடிகள்தான் பிடிக்கும். அப்படியானால் அது உயிரோடிருக்கிற ஒரு நொடிக்குள் செல்லின் மூலைமுடுக்கெல்லாம் நூறு தடவைக்கு மேல் சுற்றி வந்துவிடலாம். அங்கே இருக்கிற ஒவ்வொரு பிஎல்பி நொதியையும் முட்டிப் பார்க்க அதற்கு நேரம் தாராளம். சோதனைக்குழாயில் நிலையற்றது என்பதை வைத்துக்கொண்டு செல்லுக்குள் கெடுதல் இல்லாதது என்று முடிவு கட்டியதுதான் பழைய கருத்தின் ஓட்டை.

இதோடு இன்னொரு கணக்கையும் சேருங்கள். அது பிறந்துகொண்டே இருக்கிறது. ஒரு மூலக்கூறு சிதைந்தால் அடுத்தது வந்துவிடும், ஆகவே எந்தக் கணத்தில் பார்த்தாலும் செல்லில் ஓரளவு அமினோஅக்ரிலேட் நின்றுகொண்டே இருக்கும். அந்த அளவு, உற்பத்தி வேகத்தையும் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் பொறுத்தது. ரிட்ஏ அந்த நேரத்தைச் சுருக்குகிறது. நீங்கள் சீரின் சேர்க்கும்போது உற்பத்தி வேகத்தை ஏற்றுகிறீர்கள். ரிட்ஏவும் இல்லை, சீரினும் கொட்டிக் கிடக்கிறது என்றால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து தள்ளுகின்றன.

அப்புறம் ஒருவழிப் பாதை என்பதை மறந்துவிடாதீர்கள். அமினோஅக்ரிலேட் சிதைந்து போய்விடும், ஆனால் அது கெடுத்த நொதி கெட்டது கெட்டதுதான். செல் புதிதாக அந்த நொதியைத் தயாரிக்க வேண்டும், அல்லது பிளந்து பெருகும்போது கெட்டவை நீர்த்துப்போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிற செல்லுக்கு 3600 நொடிகள் இருக்கின்றன, அந்த 3600 நொடியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் சேர்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குத்தான். காற்றில் வளர்கிற ஈ.கோலை, தன் ஃபிளேவின் நொதிகளில் ஆக்சிஜன் தற்செயலாக மோதுவதாலேயே, நொடிக்குச் சுமார் 10 முதல் 15 மைக்ரோமோலார் வேகத்தில் பெராக்சைடு உண்டாக்குகிறது. இல்லினாய்ஸில் ஜேம்ஸ் இம்லேயின் ஆய்வகம் அளந்த அளவு. பெராக்சைடை உடைக்கிற நொதிகளான ஏஹெச்பி, கேட்டலேஸ் இரண்டும் சேர்ந்து அதைச் சில பத்து நானோமோலார் அளவிலேயே நிறுத்தி வைக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டால் வெளியிலிருந்து ஒரு துளி பெராக்சைடுகூட ஊற்றாமலே செல் அவதிப்படும். ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே பிறக்கிறது.


கண்ணாடிக்குடுவை:

மருதம் நேரக் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் ஐசோலூசின் பஞ்சம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அது வெறும் மறுப்புக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

ஐஎல்வி-இ என்ற டிரான்ஸமினேஸ்தான் ஐசோலூசின், வேலின், லூசின் மூன்றுக்கும் கடைசிப் படியைச் செய்கிறது. அதுவும் பிஎல்பி நொதி. ரிட்ஏ இல்லாத செல்லில் அதன் செயல்பாடு குறைந்திருக்கும். டவுன்ஸ் ஆய்வகம் 2004-இலேயே இதைக் கவனித்தது. அப்போது ரிட்ஏ என்ன செய்கிறது என்று தெரியாது, இருந்தும் ஒரு முக்கியமான துப்பு கிடைத்தது: ஐஎல்வி-இயின் குறைபாடு, ஐஎல்வி-ஏ வேலை செய்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்திருந்தது. பாதையின் முதல் நொதி ஓடினால்தான் கடைசி நொதி கெடுகிறது. வெறும் பஞ்சம்தான் காரணம் என்றால் இது நடக்கக்கூடாது. கெடுதல் தருகிற பொருள் ஐஎல்வி-ஏவிலிருந்து வருகிறது என்று வைத்தால்தான் கணக்கு நேராகும்.

ஆகவே இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ஐசோலூசின் ஊற்றையும் அடைக்கிறது, குறைந்துபோன சரக்கையும் நிரப்புகிறது. எனக்கு இதில் ஒரு தீய வட்டமே தெரிகிறது: ஐஎல்வி-இ கெட்டால் செல்லில் ஐசோலூசின் குறையும், ஐசோலூசின் குறைந்தால் ஐஎல்வி-ஏவின் மேல் இருந்த பிடி தளரும், அது இன்னும் வேகமாக ஓடி இன்னும் அமினோஅக்ரிலேட் உண்டாக்கும், அது மிச்சமிருக்கிற ஐஎல்வி-இயையும் கெடுக்கும். இது கட்டுரையில் இருக்கிற வாக்கியம் இல்லை, பாதையை வைத்து நான் யோசிப்பது, அப்படியே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பஞ்சம்தான் முழுக் காரணம் இல்லை என்று காட்ட இன்னும் வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. அடிபடுவது ஐஎல்வி-இ மட்டும் இல்லை. அலனின் ரேசிமேஸ் அடிபடுகிறது, அது செல்சுவருக்கு வேண்டிய டி-அலனினைத் தருகிற நொதி. கிளை-ஏ என்ற சீரின் ஹைட்ராக்சிமெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ் அடிபடுகிறது. 2013-இல் வந்த கட்டுரைகளில் இப்படி அடிபட்ட சில நொதிகளைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்து அவற்றின் பிஎல்பியைக் கழற்றிப் பார்த்தார்கள், பைருவேட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐசோலூசின் பஞ்சம் அலனின் ரேசிமேஸின் பிஎல்பியில் போய் பைருவேட்டை ஒட்ட வைக்காது.


வைகறை:

இடையில் ஒரு கேள்வி. நான் மருத்துவ உயிர்வேதியியல் பக்கம். எங்கள் பழைய கட்டுரைகளில் இந்தப் புரதக் குடும்பத்தை வேறு பெயர்களில் பார்த்திருக்கிறேன், ஆட்டின் ஈரலிலிருந்து எடுத்த யுகே114, எலியின் ஈரலில் பெர்குளோரிக் அமிலத்தில் கரைகிற புரதம் என்றெல்லாம். எலிப் புரதம் புரதத் தயாரிப்பையே தடுக்கும், ஆர்என்ஏவை வெட்டும் என்று படித்தேன். அதற்கும் இதற்கும் எப்படிப் பொருத்தம்? மனிதரிடமும் இருக்கிற புரதம்தானே?


கண்ணாடிக்குடுவை:

அதே குடும்பம்தான் வைகறை. பாக்டீரியா, ஈஸ்ட், செடி, விலங்கு என்று எல்லாப் பக்கமும் இருக்கிறது, மனிதரிடம் ஈரலில் நிறைய. ஆளுக்கு ஒரு திசையிலிருந்து அதைத் தற்செயலாகச் சந்தித்தார்கள், ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், தான் அளந்த விளைவை அதன் வேலை என்று எழுதினார்கள். ஒரு செல் தன் பிஎல்பி நொதிகளில் பாதியைச் சரியாக ஓட்ட முடியாத நிலையில் இருந்தால் எந்தப் பக்கம் அளந்தாலும் ஏதாவது ஒரு குறை தெரியும், ஆகவே இத்தனை விதமான வேலைகள் இதன் தலையில் ஏற்றப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. ஆர்என்ஏ வேலை முழுக்கத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரிட்ஏ வகைப் புரதங்களுக்குப் பொதுவாக நிற்பது இமைனிலிருந்து அம்மோனியாவைக் கழற்றுகிற வேலைதான். 2012 கட்டுரையில் வெவ்வேறு உயிரினங்களின் புரதங்களை எடுத்துச் சோதித்தபோது இந்த வினையைச் செய்தன.

சால்மோனெல்லாவில் இது அகப்பட்ட விதம் இன்னும் சுவையானது. டவுன்ஸ் ஆய்வகம் தேடியது நச்சு நீக்கத்தை இல்லை, தயமின் (வைட்டமின் பி1) தயாரிப்பை. பியூரின் பாதையின் முதல் நொதி இல்லாத செல் தயமினும் செய்ய முடியாமல் இருக்க வேண்டும், ஆனால் ஒரு மியூட்டன்ட் மட்டும் செய்தது. அதில் கெட்டிருந்த ஜீன் இதுதான், 1998-இல் வெளியிட்டார்கள். ரிட்ஏ இல்லாததால் ஐஎல்வி-ஏ உண்டாக்கும் ஈனமைன் மிஞ்சி நிற்கிறது, டிரிப்டோஃபான் பாதையின் ஒரு நொதி அந்த மிச்சத்தைப் பயன்படுத்தித் தயமினுக்கு வேண்டிய பாஸ்ஃபோரிபோசைல்அமைனைச் செய்துவிடுகிறது. இது புரிய அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு செல்லில் கழிவாகக் கிடப்பது, ஆள் மாறினால் மூலப்பொருள் ஆகிவிடுகிறது. பொறுமையான மரபியல் வேலை என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிகச் சிறிய புரதம், சுமார் 130 அமினோ அமிலம், மூன்று சேர்ந்து ஒரு முக்கூட்டாக நிற்கும். செயல்மையங்கள் இரண்டு துணையலகுகள் சேருகிற விளிம்பில் இருக்கின்றன. சால்மோனெல்லாவில் 105-ஆவது இடத்து ஆர்ஜினின் முக்கியம், அது இமைனின் கார்பாக்சில் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை மாற்றினால் வேலை நின்றுவிடும்.


சோளக்காடு:

நான் பொருநையின் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பேச உதவும். ரிட்ஏ கதையில் கெட்ட பொருள் ஒரு நொதியின் இயல்பான வினையில் நழுவி வருவது. மெத்தில்கிளையாக்சால் என்ற நச்சுப் பொருளின் கதையில் செல்லே அதை ஒரு நொதியை வைத்துச் செய்கிறது!

சர்க்கரையை உடைக்கிற கிளைக்காலிசிஸ் பாதையில் டைஹைட்ராக்சிஅசிட்டோன் பாஸ்பேட் வருமில்லையா, எம்ஜிஎஸ்-ஏ என்ற நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி மெத்தில்கிளையாக்சாலை உண்டாக்கும். சர்க்கரை மளமளவென்று உள்ளே வந்து, சர்க்கரை பாஸ்பேட்டுகள் குவிந்து, தனிப் பாஸ்பேட் தட்டுப்பாடாகிற நேரத்தில்தான் இந்த நொதி முழு வேகத்தில் ஓடும், ஏனென்றால் பாஸ்பேட் நிறைய இருந்தால் அது அடங்கியிருக்கும். அடைபட்ட பாஸ்பேட்டை விடுவிக்க ஒரு வடிகால். விலைதான் அதிகம். மெத்தில்கிளையாக்சால் புரதங்களின் ஆர்ஜினினையும் டிஎன்ஏவின் குவானினையும் தாக்கும், மில்லிமோலாருக்குக் கீழேயே ஈ.கோலையைக் கொன்றுவிடும்.

அதனால் பாதுகாப்பும் அடுக்கடுக்காக இருக்கிறது. செல்லில் இருக்கிற குளூட்டாதையோன் என்ற சிறிய காப்பு மூலக்கூறு முதலில் அதோடு தானாக ஒட்டிக்கொள்ளும். குளோ-ஏ நொதி அதை லாக்டாயில்குளூட்டாதையோனாக மாற்றும், குளோ-பி அதை உடைத்து டி-லாக்டேட்டையும் குளூட்டாதையோனையும் திருப்பித் தரும். இந்த இடையில் வருகிற லாக்டாயில்குளூட்டாதையோன் சும்மா இருப்பதில்லை. சவ்வில் இருக்கிற கெஃப்-பி என்ற பொட்டாசியம் வாய்க்காலைத் திறந்துவிடும். பொட்டாசியம் வெளியே போகும், புரோட்டான் உள்ளே வரும், செல்லின் உள்பக்கம் சற்றே அமிலமாகும். அப்படி அமிலமான செல் மெத்தில்கிளையாக்சாலை அதிகம் தாங்குகிறது, டிஎன்ஏ சேதம் குறைகிறது. அபெர்டீனில் இயன் பூத்தின் குழு பல வருடம் உட்கார்ந்து பிரித்தெடுத்த கதை இது. நச்சு நீக்குகிற நொதி ஒரு பக்கம் வேலை செய்கிறது, அதன் இடைப்பொருளே எச்சரிக்கை மணியாக இன்னொரு புரதத்தைத் திறக்கிறது. பாக்டீரியாவுக்கு எளிய உயிரி என்று எப்படித்தான் பெயர் வைத்தார்களோ!

சால்மோனெல்லாவிலேயே மூன்றாவது வழியும் உண்டு. குடலில் கிடைக்கிற புரோப்பேன்டையாலை உண்ணும்போது புரோப்பியனால்டிஹைடு வரும், அதுவும் நச்சு. அதற்குச் செல் புரதத்தாலேயே ஒரு பன்முகக் கூடு கட்டி, ஆல்டிஹைடை உண்டாக்குகிற நொதியையும் அதைத் தீர்க்கிற நொதிகளையும் உள்ளே வைத்துவிடுகிறது. அயோவாவில் தாமஸ் போபிக்கின் குழு கூட்டுப் புரதங்களை நீக்கிப் பார்த்தது. ஆல்டிஹைடு வெளியே கசிந்தது, வளர்ச்சி பல மணி நேரம் நின்றுபோனது, டிஎன்ஏ சேதம் ஏறியது.


பொருநை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருதம் சொன்ன மில்லிநொடிக் கணக்கைக் கட்டாயம் பலகையில் போட்டுக் காட்டப் போகிறேன், எனக்கு அதில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

கடைசியாக ஒன்று. குளுக்கோஸுக்குப் பதில் பைருவேட்டைக் கார்பன் ஆதாரமாகக் கொடுத்தால் சீரினே சேர்க்காமல் ரிட்ஏ இல்லாத செல் தடுமாறுகிறது, அங்கே கிளைசின் கொடுத்தால் சரியாகிறது என்று படித்தேன். இது கிளை-ஏவோடு சம்பந்தப்பட்டதா? அப்புறம் ஈ.கோலையிலும் இதே நொதிகள்தானே, அங்கே ஏன் இவ்வளவு பேச்சு இல்லை?


கண்ணாடிக்குடுவை:

ஆமாம், கிளை-ஏதான். அது சீரினைக் கிளைசினாக மாற்றும்போது ஒரு கார்பனை ஃபோலேட் என்ற துணைமூலக்கூறின் மேல் ஏற்றிவிடுகிறது. அந்த ஒற்றைக் கார்பனை எதிர்பார்த்துக் காத்திருக்கிற பாதைகள் பல, அதில் ஒன்று பான்டோத்தனேட் வழியாகக் கோஎன்சைம்-ஏ. கிளை-ஏ பாதி செத்துப்போனால் ஒற்றைக் கார்பன் வரத்து குறையும், கோஎன்சைம்-ஏ அளவு விழும். ரிட்ஏ இல்லாத செல்லில் கோஎன்சைம்-ஏ குறைவாக இருப்பதை முதலில் பார்த்தபோது அதற்கும் அமினோ அமிலத்துக்கும் தொடர்பே தெரியவில்லை, 2013-இல்தான் கிளை-ஏ வழியாக இணைத்தார்கள். கிளைசின் ஏன் உதவுகிறது என்றால், செல் கிளைசினை உடைத்தும் ஒற்றைக் கார்பனைப் பெற முடியும், அதற்கு கிளை-ஏ தேவையில்லை.

ஒரே ஜீனை எடுத்துவிட்டு, ஒரு மீடியத்தில் ஐசோலூசின் கேட்கிறது, இன்னொன்றில் கிளைசின் கேட்கிறது என்பதை வகுப்பில் இரண்டு தட்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சேதம் இரண்டிலும் ஒரே வகை, அந்தந்த மீடியத்தில் எந்தப் பாதைக்கு நெருக்கடி அதிகமோ அங்கே முதலில் வெளியே தெரிகிறது.

ஈ.கோலையில் ரிட்ஏவை நீக்கினால் சால்மோனெல்லாவில் தெரிகிற அளவு வளர்ச்சிக் குறை தெரிவதில்லை, இத்தனைக்கும் இரண்டுக்கும் ஏறத்தாழ அதே நொதிகள்தான். 2017-இல் டவுன்ஸ் ஆய்வகமே இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறது. நொதிகளின் பட்டியல் ஒன்றாக இருந்தாலும், எந்த நொதி எவ்வளவு ஓடுகிறது, எது எவ்வளவு சீக்கிரம் அடிபடுகிறது, பாதைகள் எங்கே கிளை பிரிகின்றன என்பதில் வித்தியாசம் இருந்தால் போதும், வெளியே தெரிகிற முடிவு மாறிவிடும். அதே வருடம் இன்னொரு கட்டுரையில் ரிட்ஏ இல்லாத சால்மோனெல்லா நீந்துவதிலும் பின்தங்குகிறது என்று காட்டினார்கள், நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யாராவது "நொதி செயலிழந்தது பிஎல்பி இல்லாததாலா, கெட்டுப்போனதாலா?" என்று கேட்டால் தயங்காதீர்கள். செல்லை உடைத்து எடுத்த சாற்றில் நொதியை அளக்கும்போது பிஎல்பியைத் தாராளமாகவே சேர்த்து அளப்பார்கள். வெறும் பற்றாக்குறை என்றால் அங்கேயே சரியாகியிருக்கும். இங்கே புதிய பிஎல்பி போய் உட்கார இடமே இல்லை, பழையது பைருவேட்டைச் சுமந்துகொண்டு அங்கேயே இருக்கிறது.


மருதம்:

குடுவை சொன்னதோடு ஒன்றே ஒன்று. தட்டுப் படங்களைக் காட்டும்போது நான்கும் இருக்கட்டும்: இயல்பான செல் சீரினோடு, ரிட்ஏ இல்லாதது சீரின் இல்லாமல், ரிட்ஏ இல்லாதது சீரினோடு, அதே செல் சீரினும் ஐசோலூசினும் சேர்த்து. பலர் நடுவில் இருக்கிற இரண்டை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், முதல் தட்டு இல்லையென்றால் சீரினே கெட்டது என்று கேட்பவர் நினைத்துவிடுவார்.